வசன அட்டை வெட்டுகிற மத்தியானம்

டக். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் டக். கண்ணைத் திறப்பதற்கு முன்னாலேயே வேதமுத்துவுக்குத் தெரிந்துவிட்டது, இது கனவில் வருகிற சத்தமில்லை, மில் சத்தமும் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக நூற்பாலையில் ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவனுடைய காது, எதை உள்ளே விடலாம், எதை வாசலிலேயே நிறுத்தலாம் என்று பழகிப்போன காது. தண்ணீர் லாரியின் ஹாரன், பக்கத்து வீட்டு மிக்ஸி, மீன்காரனின் ஸ்பீக்கர் எதுவும் அவனை எழுப்பாது. இது எழுப்பியது. பந்து சுவரில் பட்டு, தரையில் ஒருமுறை குதித்து, ஸ்டிக்கில் வந்து அடங்குகிற இடைவெளி. அடங்கியதும் ஒரு மூச்சு. பிறகு அந்த டக். கோவில்பட்டியில் பிறந்த எவனுக்கும் அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்குப் பின்னால் மூடிக்கிடக்கிற, தீப்பெட்டி ஆபீஸ் என்கிற தீப்பெட்டித் தொழிற்சாலையின் நீளச் சுவர், அதில் யாரோ ஹாக்கி பந்தை அடித்துக்கொண்டிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ. பரணில் உரச்சாக்கு சுற்றி எட்டு வருஷமாகக் கிடந்த ஸ்டிக்கை, அவன் தூங்கிக்கொண்டிருக்கும்போது கட்டில்மேல் ஏறி மகள் எடுத்திருக்க வேண்டும். கட்டில் அசைந்திருக்குமே. அவள் கால் அவன் காலுக்குப் பக்கத்தில் ஊன்றியிருக்குமே. அது தெரியவில்லை, இது மட்டும் கேட்கிறது. அவன் கண்ணைத் திறக்காமலே படுத்துக்கிடந்தான். திறந்தால் டிசம்பர் முப்பத்தொன்று தொடங்கிவிடும். அது ஏற்கெனவே மத்தியானம் மூன்று மணி வரைக்கும் வந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

முகம் கழுவி, மனைவி ஞானப்பூ மூடி வைத்துவிட்டுப் போயிருந்த சோற்றைப் பாதி தின்று, பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்துக் கத்தரியோடு உட்கார்ந்தான். ஞானப்பூ கோயிலுக்குப் போயிருக்கிறாள். ராத்திரி ஆராதனைக்குத் தரை கழுவி, ஸ்டார் கட்டுகிற பெண்களோடு. அவனுக்கு விடப்பட்ட வேலை இது. வருஷக் கடைசி ராத்திரி ஆராதனையில், பன்னிரண்டு மணி அடித்து முடித்ததும், சபையார் ஒவ்வொருவராக வந்து காணிக்கைத் தட்டிலிருந்து ஒரு வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். பூப்படமும் ஒரு வசனமும் போட்ட அட்டை. அந்த வருஷத்துக்கு ஆண்டவர் அந்த ஆளுக்குச் சொல்ல நினைத்தது அது. சிவகாசியிலிருந்து அச்சுத்தாள் முழுசாக வரும், வெட்டுவது வேதமுத்து. வெட்டுகிறவனே தட்டைப் பிடிப்பதும் வழக்கமாகிவிட்டது; அதற்காகவே மில்லில் இந்த ஒரு ராத்திரி லீவு எடுப்பான். மூன்றாவது வெட்டிலேயே போன் அடித்தது. சபைச் செயலர் துரைப்பாண்டி. "என்னடே, எந்திச்சிட்டியா? போன வருஷம் மாதிரி கோணலா வெட்டிராத. எனக்கு வந்த அட்டையில 'நான் உன்னை'ன்னு மட்டும் இருந்துச்சு. மிச்சம் என் சம்சாரத்துக்குப் போயிட்டு. நான் உன்னைன்னா? கொல்லவா, காக்கவா? வருஷம் பூரா அதே யோசனைடே." "இந்தத் தடவ பாத்து வெட்டுதேன்ணே." "எருசலேம் டூரும் போச்சு பாத்துக்க. அங்க சண்டை நிக்கிற வரைக்கும் கிடையாதுங்கான் டூர்க்காரன். கட்டுன அட்வான்ஸுக்கு ஊட்டி கூட்டிட்டுப் போறேங்கான். நான் ஆண்டவர் நடந்த இடத்தைப் பாக்கணும்னா இவன் பொட்டானிக்கல் கார்டனைக் காட்டுறேங்கான்." ஊட்டி. வேதமுத்துவின் கத்தரி நின்றது. துரைப்பாண்டி அண்ணன் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். ஊட்டி என்ற ஒரு வார்த்தைக்காக ஆண்டவர் எருசலேமில் சண்டையை மூட்டி, டூரை நிறுத்தி, துரைப்பாண்டியை போன் பண்ண வைத்தாரோ என்று ஒரு கணம் நினைத்தான். இப்படித்தான், எல்லாவற்றிலும் ஒரு சத்தத்தைத் தேடித் தேடியே மனுஷனுக்குப் புத்தி பேதலிக்கிறது. கீழே விரித்த பேப்பரில் ஒரு கூட்டணி கைகோத்து நின்றது, பட்டாசு ஆலை விபத்தில் செத்தவர்களின் பாஸ்போர்ட் படங்கள் வரிசையாக இருந்தன, ஓரத்தில் நம் பெண்கள் ஹாக்கி அணி எங்கேயோ தோற்றதாக நாலு வரி. நாலு வரிதான். கிரிக்கெட்டுக்கு அரைப்பக்கம். வெட்டிய ஓரத்துண்டுகள் செத்தவர்கள் முகத்தின்மேல் விழுந்தன. அவன் ஊதிவிட்டான்.

டக். காலையில் ஷிப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே பெர்சி சொல்லிவிட்டாள். பெர்சியாள் என்பது ஞானஸ்நானப் பெயர்; ஒரே பிள்ளை; இருபத்துநாலு முடிந்துவிட்டது. பி.காம் படித்துவிட்டு, ஒரு தீப்பெட்டிக் கம்பெனி ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். "எப்பா, சண்முகக்கனி மேடம் பேசுனாங்க. ஊட்டியில ஒரு ஸ்கூல். பிள்ளைங்க தங்கிப் படிக்கிற இடம். ஹாக்கி கோச்சுக்கு அசிஸ்டென்டா ஆள் வேணுமாம். ஏழாம் தேதி சேரணும்." அவன் ஒரு செருப்போடு நின்றான். "நீ என்ன சொன்ன?" "நாளைக்குச் சொல்றேன்னு சொன்னேன். இன்னைக்கு ராத்திரி கார்டு என்ன வருதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்." சொல்லிவிட்டுத் தோசையைத் திருப்பிப் போட்டாள். அவளுக்கு அது பேச்சே இல்லை. மழை வருமா என்று வானத்தைப் பார்த்துவிட்டுத் துணி காயப்போடுகிற மாதிரி. அவள் செல்போன் அடுப்பு மேடையில் கவிழ்ந்து கிடந்தது. கண்ணாடி மாதிரியான பின்மூடிக்குள், போனை எத்தனை முறை மாற்றினாலும் புது மூடிக்குள் பத்திரமாகக் குடிபெயர்ந்துவிடுகிற அந்தப் பழைய அட்டை, மஞ்சள் ரோஜா போட்டது, எட்டு வருஷத்துக்கு முந்தியது. மூலைகள் உருண்டு பஞ்சாகிவிட்டன. அதில் இருப்பது அவனுக்கு மனப்பாடம். ஆண்டவர் யுத்தம் பண்ணுவாராம், இவர்கள் சும்மா இருந்தால் போதுமாம். இஸ்ரவேல் ஜனத்துக்குக் கடலுக்கு முன்னால் நின்று சொன்னது. பதினாறு வயதுப் பெண்ணுக்குக் கோவில்பட்டியில் சொன்னதில்லை. சொன்னவன் வேதமுத்து.

சொன்னவன் என்று சொல்வதா. மாறிப்போய்விட்டது என்றுதான் அவன் ரொம்ப நாள் வைத்துக்கொண்டிருந்தான். இந்த வீட்டில் ஒரு வழக்கம், அட்டையைக் கோயிலில் யாரும் பார்க்கக் கூடாது. எடுத்ததும் அப்பா கையில் கொடுத்துவிட வேண்டும், அவன் வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வான், வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணி, கேக் வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொருவருக்காக எடுத்து வாசிப்பான். முதலில் ஞானப்பூ, அப்புறம் பெர்சி, கடைசியில் அவன். அந்த வருஷம் விளையாட்டு விடுதியில் சேர்க்க பெர்சி பெயர் வந்திருந்தது. இந்த ஜில்லாவிலிருந்து இரண்டே பேர். போகலாமா வேண்டாமா என்று வீட்டில் பத்து நாள் பேச்சு. கடைசியில் அவனே சொன்னான், வருஷப் பிறப்பு அட்டையை வைத்து முடிவு பண்ணுவோம், நாமாக எதுவும் செய்ய வேண்டாம் என்று. பிறகு மூன்று அட்டை, ஒரு புத்தகம், தூக்கக் கண், கை தவறிவிட்டது, அவனுக்கு வந்தது அவளுக்கு வாசிக்கப்பட்டது, அவளுக்கு வந்தது அவனுக்கு. வாசித்த பிறகு எப்படி மாற்ற முடியும்? அவள் முகத்தைப் பார்த்தான். அழவில்லை. அட்டையை வாங்கி மறுபடி ஒருமுறை தானே வாசித்தாள். "சரிப்பா," என்றாள். கேக்கில் முந்திரி இருந்த துண்டை அவனுக்கு எடுத்து வைத்தாள். மறுவாரம் பெர்சிக்கு ஹாக்கி சொல்லிக்கொடுத்த சண்முகக்கனி மேடம் டி.வி.எஸ். வண்டியில் வந்து இறங்கி, இந்த இடத்தில்தான், வாசலில் நின்றபடியே சத்தம் போட்டாள். "சார், பத்து வருஷத்துக்கு ஒரு ஃபுல்பேக் வரும் இந்த ஊர்ல. நீங்க சீட்டுக் குலுக்கிப் பாத்து வீட்டுல வச்சுக்கிடுவீங்களா?" "அது சீட்டு இல்ல மேடம்." "வேற என்ன? எங்க வீட்டுலயும் அம்மன் கோயில்ல பூப்போட்டுப் பாப்பாங்க சார். சிவப்பு வந்தா வேண்டாம்பாங்க. எங்கப்பா வெள்ளை வர்ற வரைக்கும் போட்டுட்டு என்னை அனுப்பிவச்சாரு. உங்க ஆண்டவரு ஃபுல்பேக்குக்குன்னு ஒரு வசனம்கூடவா வைக்கல?" பெர்சிதான் குறுக்கே வந்தாள். "மேடம், அப்பாவை ஏசாதீங்க. எனக்கு வந்தது அது." எனக்கு வந்தது அது. டக் என்று ஒரு சத்தம் அப்போது அவனுக்குள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மில் காது.

ஓரம் கோணிவிட்டது. கத்தரியை நிமிர்த்திக்கொண்டான். கை தவறிவிட்டது என்பதில் எப்போதும் ஒரு இடம் இடறும், நூல் அறுந்து சுற்றிக்கொள்கிற மாதிரி. தவறியது என்றால் அன்றைக்கே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கலாமே, ஏட்டி மாத்தி வாசிச்சிட்டேன் என்று. ஏன் சொல்லவில்லை? கூடப்பிறந்த அண்ணனால். எல்லாவற்றையும் ராஜமணி அண்ணன்மேல் போடுவது சுலபம், அவன் கேட்கப்போவதில்லை. இந்த ஊர் மைதானத்தில் அவன் ரைட் அவுட்டில் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால் சுற்றியிருந்த வேப்பமரங்களும் கூட ஓடுகிற மாதிரி இருக்கும். ரயில்வேயில் எடுத்தார்கள். வடக்கே போனான். முதல் வருஷம் பதினாலு கடிதம், அடுத்த வருஷம் மூன்று, அப்புறம் கிறிஸ்துமஸ் கார்டில் பெயர் மட்டும். அம்மாவின் அடக்கத்துக்கு வந்தவன், மண் போட்ட கையைக் கழுவிவிட்டுச் சாயங்கால ரயிலுக்கே கிளம்பிவிட்டான். பேச்சில் தமிழ் பாதி தொலைந்திருந்தது. அம்மா சாகிற வரைக்கும் ராத்திரிச் சாப்பாட்டில் அவனுக்காக ஒரு தட்டைக் கழுவி வைப்பாள். கழுவி, துடைத்து, மறுபடி அடுக்கில். போகிறவர்கள் போகிறவர்கள்தான். அது வேதமுத்துவுக்கு யாரும் சொல்லித் தெரியவில்லை, அந்தத் தட்டு சொன்னது. பெர்சியைப் பிடித்து வைத்தாயிற்று. அவள் எங்கேயும் போகவில்லை. ஒலிம்பிக்கில் நம் பெண்கள் வெண்கலத்துக்கு ஆடித் தோற்ற அன்று காலையில், ஷிப்ட் முடிந்து அவன் ஓடி வந்தபோது அவள் டி.வி. முன்னால் உட்காராமல் நின்றுகொண்டே பார்த்தாள். மேட்ச் முடிந்து அந்தப் பிள்ளைகள் தரையில் சரிந்து அழுதன. அவனுக்கும் கண் நிறைந்துவிட்டது. பெர்சி, "லெஃப்ட் சைடு காலியா விட்டுட்டாங்க," என்றாள். பாத்திரம் கழுவப் போனாள். அந்த வெறும் இடத்தில், டி.வி.க்குள், இடது பக்கத்தில், யார் நின்றிருக்கலாம் என்று அவன் நினைத்தது அன்றைக்குத்தான். நினைத்து, அது பெருமையா பயமா என்று தெரியாமல், சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

கை தவறவில்லை. சரி, இவ்வளவு தூரம் வந்தாயிற்று. அன்றைக்கு ஆராதனை முடிந்து, ஞானப்பூவும் பெர்சியும் ஒவ்வொருவராகக் கைகொடுத்து ஹாப்பி நியூ இயர் சொல்லிக்கொண்டிருக்க, அவன் சைக்கிள் எடுக்கிற சாக்கில் முன்னால் வந்து, பூட்டியிருந்த டீக்கடையின் டியூப்லைட்டுக்குக் கீழே நின்று, புத்தகத்தைத் திறந்து மூன்றையும் பார்த்தான். வழக்கத்தை வைத்தவனே மீறினான். பெர்சிக்கு வந்தது போகிற வசனம். வேதத்தில், சங்கீதப் புத்தகத்தில் வருவது. தனக்கு வந்தது சும்மா இருக்கிற வசனம். நின்று யோசித்தானா? யோசித்தான். ஒரு நாய் வந்து அவன் காலை முகர்ந்துவிட்டுப் போகிற அளவுக்கு நேரம் யோசித்தான். இரண்டு அட்டையை இடம் மாற்றி வைத்தான். அவ்வளவுதான், இரண்டு விரல் வேலை. அதற்கப்புறம் எத்தனை திருவிருந்து ஆராதனை. ஒவ்வொரு தடவையும் சபையாரோடு சேர்ந்து பாவ அறிக்கை சொல்வான், செய்தது செய்யாமல் விட்டது எல்லாம் அதில் வரும், மொத்தமாக வரும். மொத்தத்துக்குள் இதை ஒளித்து வைப்பதில் அவனுக்கு நல்ல பழக்கம் வந்துவிட்டது. தன்னுடையதாகிவிட்ட அவளுடைய அட்டை, மில் அடையாள அட்டையின் உறைக்குள், அவன் போட்டோவுக்குப் பின்னால் இருக்கிறது. எட்டு வருஷமாக அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் மெஷின்களுக்கு நடுவே நடக்கிறான். வியர்வையில் பூ கரைந்துவிட்டது. எழுத்து நன்றாகவே இருக்கிறது.

அடுத்த தாளை எடுத்தபோது அது இருந்தது. மேல் வரிசையில் இரண்டாவது. அதே சங்கீத வசனம், இந்த வருஷம் நீலப் பூவோடு. டக், என்றது சுவர். வேதமுத்து அதைச் சுற்றிலும் பார்த்துப் பார்த்து வெட்டினான், பிறந்த குழந்தைக்கு நகம் வெட்டுகிற மாதிரி. எடுத்துத் தனியே முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தான். பக்கத்தில் கிடந்த சில்வர் தட்டை எடுத்துப் பிடித்துப் பார்த்தான். கட்டைவிரலுக்குக் கீழே அந்த அட்டையை மடக்கி வைத்து, பெர்சி வரும்போது விரலை எடுத்துத் தட்டைக் கொஞ்சம் சாய்த்தால் அவள் கைக்கு நேராக வந்து நிற்கும். அவள் எப்போதும் ஓரத்திலிருந்துதான் எடுப்பாள், பார்த்திருக்கிறான். இரண்டு விரலால் கெடுத்ததை ஒரு விரலால் சரி பண்ணுவது. இதில் யாருக்கு நஷ்டம்? அவள் போவாள். போகட்டும். அவன் ஒரு தட்டைக் கழுவி வைத்துக்கொள்வான். அவளுக்கு வர வேண்டியதுதானே வருகிறது, எட்டு வருஷம் தாமதமாக, கவர்ன்மென்ட் ஆர்டர் மாதிரி. அவன் சாய்த்துப் பார்த்தான். அட்டை அழகாக வழுக்கிக்கொண்டு வந்தது. இரண்டாவது தடவையும் வந்தது. மூன்றாவது தடவை சாய்க்கும்போதுதான் சுவரில் சத்தம் நின்றிருப்பது உறைத்தது.

பெர்சி உள்ளே வந்து, தவலையிலிருந்து செம்பால் தண்ணீர் மொண்டு, தலையை அண்ணாந்து குடித்தாள். கழுத்தெல்லாம் வியர்வை. ஸ்டிக் கையிடுக்கில் இருந்தது. பிடியில் சுற்றிய துணி உரிந்து தொங்கியது. "எழுப்பிட்டேனாப்பா?" "இல்ல பிள்ள." "கை எரியுது. தோல் எல்லாம் தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்குறவங்க கைமாதிரி ஆயிட்டு." சிரித்தாள். பிறகு அவனுக்கு எதிரே பேப்பரின் ஓரத்தில் உட்கார்ந்து, வெட்டிய அட்டைகளை விரலால் அளைந்தாள், வாசிக்காமல், பூப்படங்களை மட்டும் பார்த்துக்கொண்டு. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்ப்பா. அம்மாட்ட சொல்லாதீங்க, ஜெபத்துக்கு உக்காத்தி வச்சிரும்." "சொல்லு." "இந்த எட்டு வருஷமா நான் ஆண்டவர்கிட்ட சரியாப் பேசல. கோயிலுக்கு வாரேன், பாடுறேன், எல்லாம் சரிதான். ஆனா பேசல. ஒரு பிள்ளையைப் பாத்து சும்மா இருன்னு சொல்லிட்டாரே, காரணமும் சொல்லலியேன்னு ஒரே கோவம். அந்தக் கார்டைப் போன்ல வச்சிருக்கேன்ல, எல்லாரும் பக்தின்னு நினைக்காங்க. அது பக்தி இல்லப்பா. அவரு சொன்னதை அவருக்கே காட்டுறதுக்கு." அவள் ஒரு அட்டையைத் தட்டில் எறிந்தாள். "இன்னைக்கு அவரு போன்னு சொல்லிட்டாருன்னா, சண்டையை விட்ரலாம்னு இருக்கேன்."

வேதமுத்து தன் கட்டைவிரலைப் பார்த்தான். அது இன்னும் தட்டின் ஓரத்தில் இருந்தது. ஆண்டவருக்கு எட்டு வருஷமாக ஏச்சு விழுந்துகொண்டிருக்கிறது. அவன் செய்ததற்கு. அவர் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டிருக்கிறார், இந்த வீட்டுக்குள்ளேயே, இந்தப் பிள்ளையிடமே. இன்றைக்கு ராத்திரி விரலை எடுத்தால் அவள் அவரை மன்னித்துவிடுவாள். அவன் செய்ததற்கு அவர் மன்னிப்பும் வாங்கிக்கொள்வார். அவன் தட்டைக் கீழே வைத்தான். ஆணியில் தொங்கிய மில் அடையாள அட்டையை எடுத்து உறையைப் பிரித்தான். நகம் நுழையவில்லை. பெர்சி, "என்னப்பா, கொண்டாங்க," என்று கை நீட்டினாள். "இல்ல, நானே." எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

"உனக்கு வந்தது இது."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"அந்த வருஷம். நீ எடுத்தது இதுதான். உன் போன்ல இருக்கிறது எனக்கு வந்தது. நான் மாத்தி வாசிச்சேன்." இதோடு நிறுத்திவிட்டால் கை தவறியதாகத்தான் ஆகும். "தெரியாம இல்ல. பாத்துட்டுத்தான் மாத்துனேன்."

வெளியே யாரோ பிள்ளைகள் அடுத்த தெருவில் ஓலைவெடி கொளுத்தினார்கள். அவள் அட்டையை எடுத்து, கண்ணுக்குக் கிட்டே வைத்து வாசித்தாள். உதடு அசைந்தது. மறுபடியும் மேலேயிருந்து வாசித்தாள்.

"அம்மாக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"மேடம் வந்து அத்தனை பேச்சு பேசுனாங்களே. நான் உங்களுக்காக அவங்ககிட்டச் சண்டை போட்டேனேப்பா."

அவள் அழுதால் நன்றாக இருக்கும், கையில் இருப்பதை எடுத்து எறிந்தால்கூட நன்றாக இருக்கும் என்று காத்திருந்தான். அவள் அட்டையை அவன் பக்கமாகத் திருப்பி, விரலால் தொட்டுக் காட்டினாள். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு எழுத்தைக் காட்டுகிற மாதிரி.

"இதுல போறதை மட்டுமா போட்டிருக்கு?"

"என்னம்மா?"

"போறதையும் வாறதையும் காப்பார்னு போட்டிருக்கு. வாறதையும்னு. எட்டு வருஷம் கழுத்துல போட்டிருந்தீங்களே, அதை நீங்க வாசிக்கவே இல்லையா?"

அவன் குனிந்து பார்த்தான். இருந்தது. தேய்ந்துகூட இருக்கவில்லை. எத்தனை முறை, மில் கேன்டீனில், பஸ்ஸில், கழிவறையில் நின்றுகொண்டுகூட இதை எடுத்துப் பார்த்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும் கண் அந்தப் போக்கு என்கிற வார்த்தையில் போய் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் இப்படி ஒரு வார்த்தை, ராஜமணி அண்ணனைத் தெரியாதது போல, அம்மாவின் தட்டைத் தெரியாதது போல, சாதாரணமாக உட்கார்ந்திருந்தது.

பெர்சி செல்போனின் பின்மூடியைக் கழற்றினாள். மஞ்சள் ரோஜா அட்டை ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. நகத்தால் கிளப்பி எடுத்து, அவன் முழங்காலுக்குப் பக்கத்தில், நீலப் பூ அட்டையின்மேல் வைத்தாள். அவளுடையதை மூடிக்குள் வைக்கவில்லை. சுடிதார் பையில் போட்டுக்கொண்டாள்.

"மேடத்துக்கிட்ட ஏழாம் தேதி சேர்றேன்னு சொல்லிர்றேன். ராத்திரி எனக்குத் தட்டை நீட்டாதீங்க."

எழுந்து ஸ்டிக்கை எடுத்துக்கொண்டாள். வாசலில் செருப்பைத் தேடுகிற சத்தம். கடைக்குப் போனாலும் காலேஜுக்குப் போனாலும், தெருமுனைக் குழாய்க்குப் போனாலும், போயிட்டு வாரேன் என்று இழுத்துச் சொல்லிவிட்டுத்தான் அவள் படியிறங்குவாள். சின்னப் பிள்ளையிலிருந்து அப்படி, தூக்கத்தில்கூட அவன் அதற்கு உம் கொட்டுவான்.

"கிரவுண்டுக்குப் போறேன்," என்றாள்.

அவன் மிச்சத்துக்காகக் காத்திருந்தான். கேட் கொண்டி விழுந்தது. சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிடுகிற சத்தம், பிறகு செயின் சத்தம், அதுவும் தேய்ந்து, அப்புறம் தெருவின் மற்றச் சத்தங்கள் மட்டும். தீப்பெட்டி ஆபீஸ் சுவர் சும்மா இருந்தது. வேதமுத்து மஞ்சள் ரோஜா அட்டையை எடுத்துத் துடைத்து, மில் உறைக்குள், தன் போட்டோவுக்குப் பின்னால் செருகினான். தனியே வைத்திருந்த நீலப் பூவை மற்ற அட்டைகளுக்குள் போட்டு, எது எங்கே என்று தனக்கே தெரியாமல் போகிற வரைக்கும் இரண்டு கையாலும் கலைத்தான். இன்னும் ஏழு தாள் இருந்தது. கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு, அடுத்த தாளை வெளிச்சத்துக்குத் திருப்பி, எந்த வரியும் பாதியில் அறுந்துவிடாதபடி ஓரத்தை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, கத்தரியை எடுத்தான்.